ஹோமர் விட்டுவந்த வேலை

இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும் படம் ஒன்று உண்டு. மேசைக்கு மேலே சுவரில் ஒரு பலகை. அதன்மேல் தாறுமாறாக ஒட்டிய குழந்தைப் படங்கள். படங்கள் மறைத்தது போக மிஞ்சிய எழுத்துகளைக் கூட்டினால் 'டூ இட் ஃபார் ஹெர்' என்று வரும். அவளுக்காகச் செய். தந்தையர் தினம் வந்தால் போதும், இந்தப் படம் எங்கிருந்தாவது வந்து விழுந்துவிடும். டி-ஷர்ட்டில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை காபி கோப்பையிலும் பார்த்தேன். காட்சி எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

வந்த இடம் 'தி சிம்ப்ஸன்ஸ்' என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடர். ஆறாவது சீசனில் 'அண்ட் மேகி மேக்ஸ் த்ரீ' என்ற எபிசோடு. ஃபாக்ஸ் சேனலில் 1995 ஜனவரி 22 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் ஜெனிஃபர் க்ரிட்டெண்டன், இயக்கியவர் ஸ்விண்டன் ஸ்காட். இதை நான் முதலில் பார்த்தது கல்லூரி நாட்களில், நண்பன் ஒருவனின் ஹார்ட் டிஸ்க்கில். விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசிக் காட்சியில் லேசாகக் கண் கலங்கியது, அதோடு மறந்தும் போனேன். இரண்டாம் முறை பார்த்தபோது எனக்குக் கல்யாணமாகி, பெண் பிறந்து, விட்ட வேலைக்கே திரும்பிப் போயிருந்தேன். அந்த முறை கடைசிக் காட்சி என்னை ஒன்றும் செய்யவில்லை. நடுவில் வரும் பவுலிங் கூடம்தான் செய்தது (கிரிக்கெட் பவுலிங் இல்லை, கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு). அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சிம்ப்ஸன்ஸ் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக. மஞ்சள் தோல் குடும்பம் ஒன்று. அப்பா ஹோமர், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு ஆய்வாளர். அந்த வேலைக்கு அவனைவிடத் தகுதியில்லாதவன் அந்த ஊரில் இல்லை. அம்மா மார்ஜ். பத்து வயதுப் பையன் பார்ட், எட்டு வயது லிசா, கைக்குழந்தை மேகி. உருவாக்கியவர் மேட் க்ரோனிங். தன் அப்பா, அம்மா, தங்கைகளின் பெயர்களையே பாத்திரங்களுக்கு வைத்துவிட்டார். ஹோமரின் காதோரத்து முடி ஆங்கில 'எம்' போலவும், காது 'ஜி' போலவும் இருக்கும். அது க்ரோனிங்கின் முன்னெழுத்து. 1987இல் 'ட்ரேசி உல்மன் ஷோ'வின் நடுவே குட்டிக் குட்டித் துண்டுகளாகத் தொடங்கி, 1989 டிசம்பரில் தனித் தொடராகி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எபிசோடு எண்ணிக்கை 750ஐ எப்போதோ தாண்டியாயிற்று. பார்ட்டுக்கு மட்டும் இன்னும் பத்து வயதுதான்.

(நம்மூரில் சிம்ப்ஸன்ஸ் என்றால் உடனே அதில் இந்தியராக வரும் மளிகைக்கடை அபுவைப் பற்றிக் கேட்பார்கள். அது வேறு பஞ்சாயத்து. இன்றைக்கு வேண்டாம்.)

எபிசோடு டிவி முன்னால் தொடங்குகிறது. குற்றவாளிகளைத் துரத்தும் பேசும் படகைப் பற்றி ஒரு மொக்கைத் தொடர் ஓடுகிறது. ஹோமர் சொக்கிப்போய்ப் பார்க்கிறான். திருடன் தரைக்குப் போய்விட்டால் படகு என்ன செய்யும்? எப்போது பார்த்தாலும் ஒரு கால்வாய் வந்துவிடுகிறதே என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். மார்ஜ் டிவியை நிறுத்தச் சொல்லி, குடும்பமாக உட்கார்ந்து பழைய ஆல்பம் பார்க்கலாம் என்கிறாள். புரட்டும்போது லிசாவுக்கு ஒரு சந்தேகம். எல்லார் படமும் இருக்கிறதே, மேகியின் குழந்தைப் படம் ஒன்றுகூட இல்லையே, ஏன்?

மூன்றாவது பிள்ளைக்குப் படம் இல்லாதது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் அக்காவுக்கு ஸ்டூடியோவில் எடுத்த படங்கள் ஆறு. எனக்கு ஒன்று, அதிலும் பாதி முகம். அதனால் இது சும்மா ஒரு நகைச்சுவைக் கேள்வி என்று நினைத்து விட்டுவிடுவோம். அந்தக் கேள்வியின் மேல்தான் மொத்தக் கதையும் நிற்கிறது.

ஹோமர் கதை சொல்கிறான். ஒருநாள் அவனுடைய கடனெல்லாம் அடைந்துவிடுகிறது. அவ்வளவுதான், அணுமின் நிலைய வேலையை விட்டுவிடுகிறான். விடுவது என்றால் கடிதம் கொடுத்துவிட்டு வருவது இல்லை. முதலாளி பர்ன்ஸின் வழுக்கைத் தலையைத் தபேலா மாதிரி தட்டுகிறான். போகும்போது, கடந்து வந்த பாலத்துக்கே தீ வைத்துவிட்டுப் போகிறான். இனி திரும்ப மாட்டேன் என்பதற்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு மரபுத்தொடர் உண்டு, அதை நிஜமாகவே செய்து காட்டுகிறார்கள். பிறகு அவன் ஆசைப்பட்ட வேலை. நண்பன் பார்னியின் மாமா நடத்தும் பவுலிங் கூடத்தில் எடுபிடி. பந்து துடைப்பது, வாடகைச் செருப்புக்கு மருந்தடிப்பது. சம்பளம் குறைவு. மார்ஜ் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். இழுத்துப் பிடித்தால் நான்கு பேர் குடும்பம் ஓடும்.

நான்கு பேர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பவுலிங் காட்சிகள் மொத்தமே சில நிமிடங்கள்தான். அதில் ஹோமர் வேறு ஆளாக இருக்கிறான். தொடர் முழுக்க நாம் பார்க்கும் ஹோமர் வேலை நேரத்தில் தூங்குவான், டோனட் தின்பான், பொத்தானைத் தப்பாக அழுத்துவான். இங்கே சுறுசுறுப்பாக வேலை பார்க்கிறான். உற்சாகம் தாங்காமல் பவுலிங் பந்தை வானத்தில் தூக்கி எறிகிறான். 1970களில் வந்த 'மேரி டைலர் மூர் ஷோ'வின் தொடக்கத்தில் கதாநாயகி தொப்பியைத் தூக்கி எறிவதைப் பகடி செய்கிறார்கள். அமெரிக்க டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். நமக்குப் பிடிபடாது. ஆனாலும் அந்த முகம் புரிகிறது. இவன் சோம்பேறி இல்லை, இத்தனை நாளும் தப்பான இடத்தில் இருந்தான் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

சரி, அந்தச் சந்தோஷத்தில் மார்ஜ் கர்ப்பமாகிறாள். கணவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. சொன்னால் அந்த வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் சொல்லாமல் வைத்திருக்கிறாள். அவளுடைய அக்காமார் இருவருக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. இரண்டே பேரிடம்தான் சொல்கிறார்கள். அந்த இரண்டு பேரும் ஊரிலேயே பெரிய வம்பர்கள். பிறகு ஊருக்கே தெரிகிறது, ஹோமரைத் தவிர.

இங்கே வரும் நகைச்சுவையின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லாம் ஹோமருக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள், அவன் புது வேலைக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறான். மதுக்கடை மோ நேராகவே சொல்கிறான், மார்ஜைக் கர்ப்பமாக்கியதற்கு வாழ்த்துகள் என்று. ஹோமருக்கு அப்போதும் விளங்கவில்லை. 'நீ சொல்வது ரொம்பப் பூடகமாக இருக்கிறது, இருந்தாலும் நன்றி, பவுலிங் வேலை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது' என்கிற மாதிரி பதில் சொல்கிறான். வீட்டுக்கு வந்தால் குழந்தைக்கான பரிசுப் பொருள்களோடு கூட்டம். அப்போதும் இல்லை. கடைசியில் ஒருவர் வந்து 'புது வேலைக்கு வாழ்த்துகள்' என்று சரியாகச் சொல்கிறார். உடனே ஹோமர் அலறுகிறான்: 'புது வேலையா? மார்ஜ் கர்ப்பமா?'

இந்தத் தலைகீழ் நகைச்சுவைக்கு முதல் முறை சிரித்ததைவிட இரண்டாம் முறை அதிகம் சிரித்தேன். அவனுக்கு முன்பே தெரியும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஊரெல்லாம் சொல்லியும் காதில் விழாதவனுக்கு, வேலை என்ற வார்த்தை விழுந்ததும் எப்படி விளங்கும்? இத்தனை நேரமும் அவன் கேட்க மறுத்துக்கொண்டிருந்தான். நான்கு பேருக்கான கணக்கு ஐந்து பேருக்கு ஆகாது என்பது ஹோமருக்கும் தெரியாமல் இருக்குமா?

அலறியவன் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறான். பார்ட் வயிற்றில் இருப்பதாகச் சொன்னபோதும், லிசாவின்போதும் இதையேதான் செய்தான் என்று முன்பே காட்டிவிடுவார்கள். ஹோமரின் தலையில் ஏன் இரண்டே முடி என்பதற்கு இப்படி ஒரு வரலாறு.

தொடரில் மூன்று பிள்ளைகளின் வருகைக்கும் தனித்தனி எபிசோடு உண்டு. லிசாவுடையது 1992 டிசம்பரில் வந்தது. அதில்தான் மேகி முதல் வார்த்தை பேசுவாள், குரல் கொடுத்தது ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர். பார்ட்டுடையது 1991 டிசம்பரில் வந்த 'ஐ மேரிட் மார்ஜ்'. அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வலி கூடும். பார்ட்டுக்காகத்தான் ஹோமர் முதன்முதலாக அணுமின் நிலைய வேலைக்கே போவான். பர்ன்ஸின் அறைக்குள் தடாலடியாக நுழைந்து, என்னைப் போல அடிமை உங்களுக்குக் கிடைக்க மாட்டான் என்று சவால் விட்டு வேலையை வாங்குவான். அவமானம்தான், ஆனாலும் அதில் ஒரு கெத்து இருந்தது. மேகிக்காகத் திரும்பிப் போகும்போது அந்தக் கெத்தும் இல்லை. பணியாளர் சேர்க்கும் இடத்தில் இரண்டு கதவுகள். ஒன்று விண்ணப்பதாரர்களுக்கு. இன்னொன்று கெஞ்ச வருபவர்களுக்கு, நாய் நுழையும் அளவுக்குச் சின்னது. ஹோமர் குனிந்து, தவழ்ந்து அதற்குள் போகிறான்.

அதற்கு முன்னால் ஹோமர் ஒரு முயற்சி செய்கிறான். பவுலிங் கூட முதலாளியிடம் சம்பளம் கூட்டிக் கேட்கிறான். வியாபாரம் மூன்று மடங்கானால் பார்க்கலாம் என்கிறார். உடனே ஹோமர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய் வானத்தைப் பார்த்துச் சுடுகிறான், கூட்டம் சேரட்டும் என்று. அபத்தம். ஆனால் பிடித்த வேலையைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேலையை விடும் நாளில் கூட இருந்தவர்கள் அவனுக்கு ஒரு ஜாக்கெட் பரிசளிக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு இருட்டில் நடந்து போகிறான். அந்தக் காட்சியை யாரும் டி-ஷர்ட்டில் போடுவதில்லை.

இனி என் கதை. பெரிய கதை இல்லை.

ஓஎம்ஆரில் ஓர் அலுவலகத்தில் மெடிக்கல் பில்லிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் கிளெய்ம் எங்கே சிக்கியிருக்கிறது என்று ராத்திரி முழுக்கப் போன் போட்டுக் கேட்பது. மாலை ஆறரைக்கு கேப் வரும், விடிகாலை நான்கரைக்கு வீட்டில் இறக்கிவிடும். நான்கு வருடம் பார்த்தேன். 2015இல் விட்டுவிட்டு நண்பன் பெரம்பூர் பக்கம் வைத்திருந்த வண்ண மீன் கடையில் சேர்ந்தேன். 'மச்சி, ஒன்பதாயிரம்தான்டா தர முடியும்' என்றான். நான் வாங்கிக்கொண்டிருந்தது இருபத்தேழு. என் மனைவியும் மார்ஜ் மாதிரிதான், தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். அவளும் வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கு ஓடும் என்றாள்.

காலையில் கொளத்தூருக்கு வண்டியில் போய் மீன் எடுத்து வருவேன். வண்ண மீன் என்றால் சென்னைக்குக் கொளத்தூர்தான். கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர். கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், மேலே ரப்பர் பேண்ட். கடைக்கு வந்ததும் கவரை அப்படியே தொட்டியில் மிதக்கவிட வேண்டும். சூடு சமமான பிறகுதான் பிரிக்க வேண்டும், அவசரப்பட்டால் மீன் செத்துவிடும். கப்பி முட்டை இடாது, குட்டி போடும். போட்ட குட்டியைத் தாயே தின்றுவிடும், அதனால் உடனே பிரித்து வைக்க வேண்டும். உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்தால் கல் உப்பு. இதெல்லாம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ராத்திரி தூக்கம் வந்தது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கண்ணாடியில் விரலால் தட்டுவார்கள், 'தட்டாதீங்கடா, அதுங்களுக்கு இடி இடிக்கிற மாதிரி கேக்கும்' என்று தினமும் சொல்வேன். தினமும் தட்டுவார்கள்.

எட்டு மாதம்.

ஒருநாள் ராத்திரி கடையை அடைத்துவிட்டு வந்தபோது மனைவி அந்தக் காலண்டர் தாளை மறுபடி எடுத்து வைத்திருந்தாள். 'ஏங்க, மூணு பேருன்னா எப்படி வரும்?' என்றாள். விஷயத்தை அப்படித்தான் சொன்னாள். நான் முடியைப் பிய்த்துக்கொள்ளவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, நிஜமாகவே. சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

பழைய அலுவலகத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் பாலத்துக்குத் தீ வைத்தவன் இல்லை, முறையாகக் கடிதம் கொடுத்து வந்தவன். இருந்தாலும் புது எம்ப்ளாயி நம்பர். பழைய நான்கு வருடம் கணக்கில் இல்லை. புதிதாகச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு மூன்று வாரப் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். அங்கே காட்டிய ஸ்லைடுகளில் பாதி நான் செய்தவை. ஒன்றில் எழுத்துப்பிழை இருந்தது. அதுவும் என்னுடையதுதான்.

அந்தச் சமயத்தில்தான் எபிசோடை இரண்டாம் முறை பார்த்தேன், பகலில் தூக்கம் வராத ஒரு நாள்.

பர்ன்ஸ், திரும்பி வந்த ஹோமரின் இடத்துக்கு நேரே ஒரு பலகையை அடிக்க வைக்கிறார். 'டோண்ட் ஃபர்கெட்: யூ ஆர் ஹியர் ஃபாரெவர்.' மறக்காதே, நீ காலத்துக்கும் இங்கேதான். பிறகு மேகி பிறக்கிறாள். பிரசவ அறைவரை ஹோமருக்கு மனம் ஒட்டவில்லை, மார்ஜுக்காகச் சிரித்து வைக்கிறான். குழந்தை அவன் விரலைப் பிடிக்கிறது. ஆள் காலி. கதை முடிந்து நிகழ்காலத்துக்கு வருகிறோம். சரி, அப்போது மேகியின் படங்கள் எங்கே என்று பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள். எனக்கு உற்சாகம் அதிகம் தேவைப்படும் இடத்தில் வைத்திருக்கிறேன் என்கிறான் ஹோமர். அடுத்த காட்சியில் அந்தப் பலகை.

அதை நிறுத்தி வைத்து வெகு நேரம் பார்த்தேன். 'டூ இட்' என்று படிக்கிறோமே, மூல வாசகத்தில் 'ஐ' என்ற எழுத்தே கிடையாது. 'டோண்ட்' என்பதிலுள்ள 'என்' எழுத்தின் ஒரு காலை மட்டும் விட்டுவிட்டு மீதியை மறைத்தால் அது 'ஐ' ஆகிவிடும். 'ஃபர்கெட்'டின் முன்பாதி 'ஃபார்'. 'ஹியர்' கடைசி எழுத்தை இழந்தால் 'ஹெர்'. பொத்தானை ஒழுங்காக அழுத்தத் தெரியாத ஆள், இதற்கு எத்தனை நாள் உட்கார்ந்து படங்களை நகர்த்தி நகர்த்தி ஒட்டியிருப்பான்?

தமிழில் இப்படி ஒரு வாசகம் செய்ய முடியுமா என்று ஒரு ராத்திரி ஷிஃப்டில், மறுமுனையில் இன்சூரன்ஸ்காரர்கள் காத்திருக்கச் சொல்லி இசையை ஓடவிட்ட நேரத்திலெல்லாம் மனதுக்குள் முயன்று பார்த்தேன். வரவில்லை. நம் எழுத்துகளில் கால் வேறு கொம்பு வேறு, ஒன்றை மறைத்தால் இன்னொன்று அநாதையாக நிற்கிறது. கிடைத்தது ஒன்றே ஒன்று: 'மறக்காதே' என்பதில் பின்பாதியை மறைத்தால் 'மற' என்று வரும்.

எல்லாரும் இந்தக் காட்சியை அன்புக்கு அடையாளமாகப் பகிர்கிறார்கள், தப்பில்லை. ஆனால் பலகையை ஹோமர் கழற்றவில்லை, கழற்றவும் முடியாது. படங்களுக்குக் கீழே அந்த வாசகம் ஆணி அடித்து அப்படியே இருக்கிறது. இந்த இடம் சகிக்கக்கூடியதாக இருந்திருந்தால் ஒரு படமாவது வீட்டு ஆல்பத்துக்கு வந்திருக்கும். அத்தனையும் இங்கே தேவைப்படுகிறது என்றால் இது எப்படிப்பட்ட இடம்! லிசாவின் கேள்விக்கு முழுப் பதில் அதுதான். கதை சொல்லும் ஹோமர் அதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. மேகியும் பவுலிங் கூடமும் ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று எழுதியவர் எந்த இடத்திலும் சொல்லவில்லை. மேகி கிடைத்தாள். பவுலிங் போயிற்று. இரண்டும் தனித்தனி உண்மை.

தொடரின் பழைய தொடக்கக் காட்சியில் ஒரு குறும்பு உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் மேகியைத் தவறுதலாக ஸ்கேன் செய்துவிடுவார்கள், இயந்திரத்தில் 847.63 டாலர் என்று விலை காட்டும். அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு குழந்தையை வளர்க்க மாதம் ஆகும் செலவு அது என்பார்கள். வாரா வாரம் அந்த எண் திரையில் மின்னி மறையும். இந்த எபிசோடை அந்த எண்ணுக்கான விளக்கவுரை என்றே சொல்லலாம்.

எங்கள் அலுவலகத்தில் படம் எதுவும் ஒட்ட முடியாது. நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்று பேனா, காகிதம், செல்போன் எதற்கும் அனுமதி இல்லை. எல்லாம் லாக்கரில். மேசையில் ஒரு கணினி, ஒரு ஹெட்செட், மூடி போட்ட தண்ணீர் பாட்டில். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு மட்டும்தான் என்னுடையது.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து இந்த எபிசோடைப் பார்த்தேன். பேசும் படகுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பலகைக் காட்சியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த என் ஐடி கார்டை எடுத்து வந்தாள். உறையின் பின்பக்கத்தில் தன் படம் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். உள்ளே விரலை விட்டு இழுத்தாள். ஓரம் மழுங்கிய ஒரு விசிட்டிங் கார்டு வந்தது, நீல நிறத்தில், இரண்டு ஏஞ்சல் மீன் போட்டு.

"இது யாரு கடைப்பா?"

"மாமா கடை. நீ பிறக்கறதுக்கு முன்னாடி."

"இப்ப இருக்கா?"

இல்லை என்றேன். கார்டில் இருந்த நம்பரைப் பார்த்து என் போனில் அடித்தாள். தடுக்கவில்லை. இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. மூன்றையும் முழுசாகக் கேட்டுவிட்டு, கார்டைப் பழையபடி உறைக்குள் செருகி, கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.